கலந்தால்தான் குப்பை!

மூன்று கூடை வைத்தால் பட்டணம் பிழைக்கும்

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ந் தேதி.

சித்திரைப் புத்தாண்டு நாள். இலங்கையில் தமிழருக்கும் சிங்களவருக்கும் அன்றுதான் வருடப் பிறப்பு.

கொழும்பு நகரை ஒட்டி மீதொட்டமுல்ல என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஏழை எளிய மக்கள் சின்னச் சின்ன வீடுகளில் குடியிருந்தார்கள். பண்டிகை நாள் அல்லவா? பலர் வீட்டிலேயே இருந்தார்கள்.

பிற்பகலில் மலை சரிந்தது!

அது கல் மலை அல்ல. மண் மலையும் அல்ல. குப்பை மலை!

100-க்கு மேற்பட்ட வீடுகள் நொறுங்கின. 30-க்கு மேற்பட்டவர்கள் உயிரோடு புதைந்து மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

அந்த மலையைக் கட்டியது யார்? அரக்கனா, பூதமா? இல்லை. கொழும்பு நகரத்து வீடுகளும் கடைகளும் சந்தைகளும் தினம் ஒரு கூடையாகக் கொட்டிக் கட்டிய மலை அது. கொட்டியவர்கள் எங்கோ இருந்தார்கள். மாண்டவர்கள் மலையடியில் இருந்தார்கள்.

இது அயல் நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சென்னைப் பட்டணத்திலும் இப்படி மலைகள் எழுந்தன.

வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று

வட சென்னையில் கொடுங்கையூர். தென் சென்னையில் பெருங்குடி. பல பத்து ஆண்டுகளாகச் சென்னையின் குப்பை முழுவதும் இந்த இரண்டு இடங்களுக்குத்தான் போயிற்று.

சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 5 ஆயிரம் டன்னுக்கு மேல். 10 டன் ஏற்றும் லாரிகளில் ஏற்றினால் 500 லாரி வேண்டும். ஒரே நாளைக்கு 500 லாரி! மறுநாள் இன்னொரு 500 லாரி!

பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. வெளி தேசப் பறவைகள் பல ஆயிரம் மைல் பறந்து வந்து தங்கும் இடம் அது. உலகம் காக்க வேண்டிய நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2022-ம் ஆண்டு பள்ளிக்கரணையும் சேர்ந்தது. பெருமையான செய்திதான்.

ஆனால், அதே 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், பக்கத்திலிருந்த குப்பைமேடு தீப்பற்றி எரிந்தது. தீயணைப்புப் படையினர் இரவு பகலாகப் போராடினார்கள். நாள் கணக்கில் புகைந்தது. சுற்றிலும் இருந்த வீடுகளில் கதவைச் சாத்தினாலும் புகை நுழைந்தது.

யாரும் தீ வைக்காமலே குப்பை எரிவது எப்படி?

வாழைப்பழத் தோலின் வேலை!

அதன் ரகசியம் சமையல் அறையில் இருக்கிறது.

நம் நாட்டுப் பட்டணங்களில் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பாதி ஈரக் குப்பை. காய்கறித் தோல், பழத் தோல், மீந்த சோறு, வாழை இலை, வாடிய பூ ஆகியவைதான் அது.

ஒரு வாழைப்பழத் தோல் மண்ணில் கிடந்தால் கேடு இல்லை. காற்று படும். சில நாட்களில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். செடிக்கு உணவாகும்.

அதே தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கண்ணாடிச் சில்லோடும் பழந்துணியோடும் சேர்த்து, மேலே 20 அடி குப்பையைப் போட்டு மூடினால் என்ன ஆகும்? காற்று புகாது. தோல் மக்காது, அழுகும். அழுகும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகும். சாண எரிவாயு அடுப்பில் நீல நிறமாக எரிகிறதே, அதே வாயுதான்! குப்பை மலையின் வயிற்றில் இந்த வாயு சேர்ந்துகொண்டே போகும். கோடை வெயிலில் ஒரு சிறு பொறி போதும்.

மழைக் காலத்தில் வேறு ஆபத்து. மழை நீர் குப்பைக்குள் இறங்கி, பேட்டரி, மருந்து, சாயம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கறுப்புச் சாறாக வடியும். அந்தச் சாறு பூமிக்குள் இறங்கும். பிறகு கிணற்றில் ஊறும்.

ஆக, வாழைப்பழத் தோல் குற்றவாளி அல்ல. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தனியே இருந்தால் விலைக்குப் போகும் சாமான்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார்களே, அதுதான் குற்றம். கலந்தால்தான் குப்பை!

பாட்டி வீட்டில் குப்பை இல்லை

கிராமத்துப் பாட்டி வீட்டில் குப்பைக் கூடை இருந்ததா? இல்லை.

கழுநீரும் காய்த் தோலும் மாட்டுக்குப் போயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கப் பயன்பட்டது. சாணமும் சருகும் எருக்குழிக்குப் போயின. எருக்குழியிலிருந்து வயலுக்குப் போயின. வயலிலிருந்து நெல்லாக வீட்டுக்கே திரும்பின. பழைய காகிதத்துக்கும் பித்தளைக்கும் வியாபாரி வாசலுக்கு வந்தார். பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கிப் போனார்.

பாட்டி சட்டம் படிக்கவில்லை. எதை எங்கே போட வேண்டும் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தாள்.

பட்டணத்தில் மாடும் இல்லை, எருக்குழியும் இல்லை. பிளாஸ்டிக் பை மட்டும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தெருமுனையில் வீசும் பழக்கமும் கூடவே வந்தது.

தொட்டிக்கு ஒரு மனிதர் பெயர்!

குப்பையைப் பிரிப்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல.

140 ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்தை நிர்வகித்த அதிகாரியின் பெயர் யூஜின் பூபெல். அந்தக் காலத்துப் பாரிஸில் வீட்டுக் குப்பை தெருவில்தான் குவிந்தது. 1883-ம் ஆண்டுக் கடைசியில் பூபெல் ஓர் உத்தரவு போட்டார். வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூடி போட்ட தொட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தொட்டி அல்ல, மூன்று! அழுகும் குப்பைக்கு ஒன்று. காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று. கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று.

வீட்டுச் சொந்தக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடித்துவிட்டார் என்று கோபித்தார்கள். கேலியாகத் தொட்டிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கேலி போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் 'பூபெல்'!

நம் நாட்டிலும் விதி உண்டு. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு நகரக் குப்பைக்கு விதிகள் வகுத்தது. 2016-ம் ஆண்டு அவற்றை மாற்றி எழுதியபோது, ஒவ்வொரு வீட்டாரும் குப்பையை மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. பாரிஸில் பூபெல் சொன்னதைப் போலவே மூன்று!

எலி கற்பித்த பாடம்

விதி இருந்தால் போதுமா? நடக்குமா? சூரத் நகரத்தைக் கேட்க வேண்டும்.

குஜராத்தில் உள்ள சூரத் பணக்கார ஊர். வைரம் பட்டை தீட்டும் ஊர். துணி நெய்யும் ஊர். ஆனால் தெருவெல்லாம் குப்பை. 1994-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே பிளேக் நோய் பரவியது. பீதியில் லட்சக்கணக்கான மக்கள் கிடைத்த ரெயிலில் ஏறி ஊரை விட்டு ஓடினார்கள். பணம் யாரையும் காப்பாற்றவில்லை.

மறு ஆண்டு எஸ்.ஆர்.ராவ் என்ற அதிகாரி மாநகராட்சி கமிஷனராக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளைக் காலை வேளையில் தெருவுக்கு அனுப்பினார். குப்பை போட்ட கடைக்கு அபராதம் விதித்தார். பெரிய மனிதர் கடை, சின்ன மனிதர் கடை என்று பேதம் பார்க்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில், நாட்டின் சுத்தமான நகரங்களில் ஒன்று என்று சூரத் பெயர் வாங்கியது. 2023-ம் ஆண்டுக்கான தூய்மைப் போட்டியில் இந்தூரும் சூரத்தும் சேர்ந்து முதல் இடம் பெற்றன.

அந்த இந்தூரின் கதையும் கேட்கத் தக்கது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள அந்த ஊரில் தெருமுனைத் தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள்! வண்டி வாசலுக்கு வரும். வண்டியில் தனித் தனி அறைகள் இருக்கும். ஈரக் குப்பையிலிருந்து வாயு எடுக்கும் ஆலை அங்கே 2022-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைத் தாங்கும் ஆலை அது. அந்த வாயுவில் நகரத்துப் பஸ்கள் ஓடின. பெருங்குடியை எரித்த அதே வாயு, இந்தூரில் பஸ் ஓட்டியது!

இரண்டு ஊருக்கும் என்ன வித்தியாசம்? பணமா? யந்திரமா? இரண்டும் பிறகு. வீட்டிலேயே பிரித்தார்கள். அதுதான் முதல் வித்தியாசம்.

மூன்று கூடை எவை?

முதல் கூடை, பச்சைக் கூடை. காய்கறித் தோல், மீந்த உணவு, முட்டை ஓடு, பூ, தேயிலைச் சக்கை எல்லாம் இதில். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடக் கூடாது.

இரண்டாவது, நீலக் கூடை. காகிதம், அட்டை, பாட்டில், தகரம், பால் பாக்கெட் எல்லாம் இதில். காகிதம் மக்கும் பொருள்தானே என்று சிலர் கேட்பார்கள். மக்கும், ஆனால் உலர்ந்த காகிதத்துக்கு விலை உண்டு. குழம்பு பட்டுவிட்டால் விலை இல்லை. பால் பாக்கெட்டை ஒரு தடவை அலசி உலர்த்திப் போட வேண்டும்.

மூன்றாவது, சிவப்புக் கூடை. பிளேடு, ஊசி, பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மருந்து ஆகியவை இதில். அணையாடையைக் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுத் தனியே கொடுக்க வேண்டும்.

உலர்ந்த பிளாஸ்டிக்குக்குக்கூட மறுபிறவி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் ஒரு வழி கண்டார். பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசி, பிறகு தார் கலந்து சாலை போடும் வழி அது. 2018-ம் ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால், சாம்பாரில் நனைந்த பை சாலைக்கு ஆகாது!

மொட்டை மாடியில் எருக்குழி

இடம் இருப்பவர்கள் ஈரக் குப்பையை வண்டிக்குக் கொடுக்கவே வேண்டியதில்லை.

பழைய மண்பானை ஒன்று போதும். பக்கத்திலும் அடியிலும் சிறு துளைகள் போட வேண்டும். அடியில் சருகு அல்லது தேங்காய் நார்த் தூளைப் பரப்ப வேண்டும். அன்றாடக் காய்கறித் தோலைப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி சருகு தூவ வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு கரண்டி புளித்த மோர். இரண்டு நாள் குச்சியால் கிளறி விட வேண்டும். இவ்வளவுதான்!

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு சேர்த்தால் நாற்றம் நின்றுவிடும். பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்த பானையைத் தொடங்கலாம். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் திறந்து பார்த்தால், மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அதுதான் எரு. ரோஜாத் தொட்டிக்கு இதைவிட நல்ல உணவு கிடையாது.

ஒரு வீட்டில் தினம் ஒரு கிலோ ஈரக் குப்பை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 365 கிலோ. 10 ஆயிரம் வீடுகள் இப்படிச் செய்தால் 3 ஆயிரத்து 650 டன். அவ்வளவும் மலைக்குப் போகாது!

ஒண்டுக் குடித்தனத்தில் பானை வைக்க இடம் ஏது? பானை வேண்டாம். இரண்டு வாளியும் ஒரு சிறு டப்பாவும் வைத்துப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

ஒரு நியாயமான கோபம்

"நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே!"

இந்தக் குறையைப் பல ஊர்களில் கேட்கலாம். இது நியாயமான கோபம். வீட்டார் பிரித்துக் கொடுத்ததை நகராட்சி கலந்துவிட்டால், அது மக்களின் உழைப்பை அவமதிப்பதாகும். தனித் தனி அறை உள்ள வண்டி கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. ஒவ்வொரு தெருவாரும் சேர்ந்து கேட்க வேண்டும். மனுவாக எழுதிக் கேட்க வேண்டும். வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போதும் கேட்க வேண்டும்.

ஆனால், வண்டி சரியில்லை என்று வீட்டில் பிரிப்பதை நிறுத்தினால், கேட்கும் உரிமையும் போய்விடும்.

"எல்லாவற்றையும் எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே!" என்பாரும் உண்டு. சிங்கப்பூர் எரித்துத்தான் பார்க்கிறது. ஆனால் எரித்தாலும் சாம்பல் மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலைக் கப்பலில் கொண்டுபோய்க் கொட்ட, செமக்காவ் என்ற தீவில் 1999-ம் ஆண்டு இடம் திறந்தார்கள். 2035-ம் ஆண்டு வாக்கில் அந்த இடமும் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டு, குப்பையைக் குறைக்க அந்நாட்டு அரசு மக்களை வேண்டுகிறது. மேலும், நம் ஊர்க் குப்பையில் பாதி ஈரம். ஈர விறகு அடுப்பில் என்ன செய்யும் என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும்!

பழைய மலைகளைக் கரைக்கவும் வழி இருக்கிறது. மேட்டைத் தோண்டிக் கிளறி, உலர்த்தி, பெரிய சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் தனியே வரும். கல் தனியே வரும். பிளாஸ்டிக், துணி போன்றவை சிமெண்டு ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். பெருங்குடியில் இந்த வேலை நடந்து, குப்பைக்கு அடியில் கிடந்த நிலம் வெளியே தெரிந்தது. நல்ல வேலைதான். பெரும் செலவு பிடிக்கும் வேலையும்கூட. வீட்டில் காசு செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் பிரித்திருக்கக் கூடியதை, ஆண்டுகள் கழித்துக் கோடி கோடியாகச் செலவிட்டுப் பிரிக்கிறார்கள்!

அந்தக் கை யாருடைய கை?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம் இருக்கிறது.

வீட்டார் பிரிக்காத குப்பையை யாரோ ஒருவர் பிரிக்கத்தான் வேண்டும். விடியற்காலையில் தூய்மைப் பணியாளர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். முடிச்சுப் போட்ட பையை அவிழ்க்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கையை விடுகிறார். மீந்த சோறு, அணையாடை, அதற்கு நடுவே உடைந்த கண்ணாடித் தம்ளர்!

அந்தக் கையில் ரத்தம் வந்தால் யார் பொறுப்பு? கண்ணாடியைக் காகிதத்தில் சுற்ற சோம்பல்பட்டவர்தானே!

அவருக்குக் கையுறையும் நல்ல சம்பளமும் வைத்திய வசதியும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. அவர் கை கிழியாமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு வீட்டின் கடமை. குப்பை போடுகிறவருக்கு இழிவு இல்லை. அள்ளுகிறவருக்கு மட்டும் இழிவா? இந்தத் தலைகீழ் நியாயம் ஒழிய வேண்டும். கூடையைப் பிரிப்பது வீட்டுப் பெண்களின் வேலை என்று ஆண்கள் நழுவுவதும் ஒழிய வேண்டும். பத்திரிகை படிக்கிற கைக்கு, படித்த பத்திரிகையை நீலக் கூடையில் போடத் தெரியாதா?

மீதொட்டமுல்லவில் மலை ஒரு நாளில் சரிந்தது. ஆனால் அது ஒரு நாளில் எழவில்லை. தினம் ஒரு கூடையாக எழுந்தது. கரைப்பதும் தினம் ஒரு கூடையாகத்தான் முடியும்.

நாளைக் காலையில் வாசலில் வண்டி மணி அடிக்கும். அப்போது கையில் இருப்பது ஒரு பையா, மூன்று கூடையா? இதை முடிவு செய்ய மந்திரி வர வேண்டாம். கமிஷனர் வர வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் உள்ளவர்கள் முடிவு செய்தால் போதும்!